இளையோர் பக்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஆன்மிக இணைப்பில் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பது பெரிய காரியம். ஆனால் அதில் வரும் அனுபவங்கள் ஒன்றுபோலவே இருக்கின்றன. ‘சன்னதியில் நின்றேன், மெய்சிலிர்த்தது, கண்ணீர் பெருகியது, வார்த்தைகளால் சொல்ல முடியாது.’ ஊர்ப் பெயரை எடுத்துவிட்டால் திருநாகேஸ்வரம் எது, திருக்கடையூர் எது என்று தெரியாது. வேளாங்கண்ணி நடைபயணத்துக்கும் நாகூர் கந்தூரிக்கும்கூட இதே வாசகங்கள்தான்.

இது பிள்ளைகளின் குறை அல்ல. ‘உங்கள் ஆன்மிக அனுபவத்தை 500 சொற்களில் எழுதி அனுப்புங்கள்’ என்று நாம் கேட்கிறோம். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது மலைப்பான கேள்வி. பெரியவர்கள் எழுதியதில் படித்த வரிகளைத் தேடி எடுத்து நிரப்பிவிடுகிறது. கேள்வியைச் சின்னதாக்கினால் பதில் மாறும். ‘ஆடிப்பெருக்கன்று ஆற்றங்கரையில் நீங்கள் கண்ட ஒன்று’, ‘மார்கழியில் ஒரு விடியற்காலை’, ‘கொடியேற்றத்தின்போது உங்கள் பக்கத்தில் நின்றவர்’ என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நாள், ஓர் இடம், ஒரு நிகழ்ச்சி. 250 சொல் போதும். 500 கேட்டால் பாதி இடத்தைத் தலபுராணம் பிடித்துக்கொள்ளும்.

எழுதுவதற்கு முன்னால் பிள்ளையைப் பேசவிட வேண்டும். பயிற்சி தருகிறவர்கள் பலர் இந்தப் படியைத்தான் விட்டுவிடுகிறார்கள். அந்த நிகழ்ச்சிக்கு வராத ஒருவர் எதிரே உட்கார்ந்து பத்து நிமிஷம் கேட்கட்டும். செல்போனில் பதிவு ஓடட்டும். கூடவே வந்த அம்மாவோ பாட்டியோ கேட்டால், ‘அதான் உங்களுக்கே தெரியுமே’ என்று பிள்ளை பாதியை விழுங்கிவிடும். ‘என்ன உணர்ந்தாய்?’ என்று கேட்கவே கூடாது; கேட்டால் மறுபடியும் மெய்சிலிர்ப்புதான் வரும். எங்கே நின்றாய், காலுக்கடியில் கல் சுட்டதா, ஈரமா, என்ன சத்தம் கேட்டது, தீபாராதனைக்கு முன்னால் மனசில் ஓடியது பரீட்சையா பசியா என்று கேட்க வேண்டும். பிறகு பதிவை ஒரே ஒரு முறை போட்டு, அந்தப் பிள்ளை தன் வாயால் சொன்ன சொற்களை மட்டும் குறித்துக்கொண்டு, அன்றைக்கோ மறுநாளோ எழுதச் சொல்லலாம். ஒரு வாரம் தள்ளினால் வீட்டில் சொல்லிச் சொல்லி அது வேறு கதையாகிவிடும்.

எழுதி முடித்ததும் முதல் பத்தியை மூடிவிட்டு இரண்டாவதிலிருந்து படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் பத்தி பெரும்பாலும் இணையத்தில் எடுத்த தலவரலாறாகத்தான் இருக்கும். அதை நீக்கினால் எதுவும் குறையாது.

இதற்கு நம் மண்ணிலேயே முன்மாதிரி இருக்கிறது. தளர்ந்த வயதில் கயிலைக்குப் புறப்பட்ட அப்பர் சுவாமிகள் திருவையாற்றிலேயே கயிலைக் காட்சியைப் பெற்றுப் பாடிய பதிகம், சைவப் பாடல் தொகுப்பான திருமுறைகளில் நான்காவதில் மூன்றாவது. அதில் பரவசத்தை அவர் விவரித்துக்கொண்டிருக்கவில்லை. பிடியோடு களிறு, அதாவது பெண் யானையோடு ஆண் யானை, வருவதைக் கண்டேன் என்கிறார். அடுத்த பாட்டில் பெடையோடு கோழி. அப்புறம் குயில், மயில், நாரை, கிளி, கடைசியில் ஏறு, அதாவது காளை. கண்ணெதிரே வந்ததைச் சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொரு பாட்டிலும் திருப்பாதம் கண்டேன் என்கிறார். ஆடி அமாவாசைக்கு ஐயாறப்பர் கோயிலில் கயிலைக் காட்சி காண வரும் பிள்ளைகளிடம் இந்த வரிசையைக் காட்டினால் ஐந்து நிமிஷத்தில் புரிந்துகொள்வார்கள். கண்டது முதலில், அதன் பொருள் பிறகு.

இன்னொரு சிக்கல், பலன் கேட்கும் பழக்கம். வேண்டினேன், கிடைத்தது என்று முடியாவிட்டால் அனுபவமே இல்லை என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அச்சாவதெல்லாம் அப்படி முடிவதால் வந்த எண்ணம் இது. அதனால் தேர்வு மதிப்பெண்ணையும் தாத்தாவின் காய்ச்சலையும் கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். நோய் குணமானதாக வருவதை வெளியிடாமல் இருப்பதே நல்லது. படிக்கிறவர் மருந்தை நிறுத்திவிடக்கூடும். மாறாக, சம்பா மூழ்கிக் கிடந்தபோது மாரியம்மனிடம் அழுதும் தண்ணீர் வடியவில்லை, கோபத்தில் கொஞ்ச நாள் கோயிலுக்கே போகவில்லை என்று ஒரு மாணவி எழுதினால், தயவுசெய்து அதை வெளியிடுங்கள். ‘கடைசியில் நம்பிக்கை வந்தது’ என்று நீங்களாக ஒரு வரி சேர்க்காதீர்கள். பார்வை இழந்து, ஒரு கண்ணில் மட்டும் அதைத் திரும்பப் பெற்றுத் திருவாரூர் வந்து நின்ற சுந்தரர், நீர் நன்றாக வாழ்ந்து போம் என்று தியாகேசரிடமே கடிந்து பாடினார். அந்தப் பாட்டும் ஏழாம் திருமுறைக்குள்தான் இருக்கிறது. அந்தக் கோபத்துக்கு இடமுள்ள மரபில், ஒரு பிள்ளையின் மனத்தாங்கலுக்கும் இடம் உண்டு.

திருத்தம் பற்றி உறுதியாகவே சொல்கிறேன். எழுத்துப்பிழை, சந்தி, தகவல் மூன்றையும் திருத்துங்கள். பிள்ளையின் சொல்லை மாற்றாதீர்கள். ‘சாமி என்னையே பார்த்துச்சு’ என்று எழுதியதை ‘இறைவனின் அருட்பார்வை என்மீது விழுந்தது’ என்று மாற்றியதும் அந்தப் பிள்ளை அங்கே இல்லாமல் போய்விடுகிறது. எந்த மாற்றமானாலும் அச்சுக்கு முன் எழுதியவருக்குக் காட்ட வேண்டும். காட்டாமல் மாற்றினால் அடுத்த முறை அவர் எழுத மாட்டார்.

தகவல் பிழைகளில் சில திரும்பத் திரும்ப வரும். திருவெம்பாவை 30 பாடல் என்று எழுதுவார்கள். அது 20தான், அதோடு திருப்பள்ளியெழுச்சி 10 சேர்த்து மார்கழியில் ஓதுவதாலும், திருப்பாவை 30 என்பதாலும் வரும் குழப்பம் இது. மாணிக்கவாசகரின் திருவாசக வரியை, அப்பர், சம்பந்தர், சுந்தரர் பாடிய தேவாரம் என்பார்கள். செல்போனில் பேசித் தட்டச்சு செய்தால் ல, ள, ழ மாறும். பதிக வரிகளில் உள்ள பழஞ்சொல்லைக் கருவி தானாகவே இன்றைய சொல்லாக்கிவிடும். ஆகவே பாடல் வரிகளைக் கையால் அடித்து, அச்சுப் புத்தகத்தோடு ஒப்பிடச் சொல்ல வேண்டும். யூனிகோடில் வந்ததை அச்சகத்தின் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது ‘ஸ்ரீ’ உடைகிறதா என்று மெய்ப்புப் பார்ப்பவர் கவனிக்கட்டும். படத்தை வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் சுருங்கி அச்சில் மங்கும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். மூலவர் படம் வேண்டாம்.

பதினெட்டு வயதுக்குட்பட்டவர் என்றால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வாங்குங்கள். பெயரும் ஊரும் போதும். பள்ளி, வகுப்பு, தெரு, கைப்பேசி எண் எதுவும் வேண்டாம். அக்காவின் கல்யாணம் தட்டிப்போனது, அப்பாவின் குடி போன்ற பிறர் விஷயங்கள் கட்டுரையில் இருந்தால் அவர்கள் சம்மதமின்றி அச்சேறக் கூடாது. சில சமயம் ‘சாமிதான் என்னைக் காப்பாற்றணும்’ என்ற வரிக்குப் பின்னால் வீட்டில் அடியோ அதைவிட மோசமானதோ இருக்கும். அதைக் கட்டுரையாகப் பார்க்காதீர்கள். அச்சுக்கு அனுப்பாமல், பிள்ளைக்கு ஆபத்து வராதபடி விசாரித்து, 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தெரிவியுங்கள். இளையோர் பக்கத்தைப் பார்க்கிறவர் மேசையில் அந்த எண் இருக்க வேண்டும்.

மார்கழிச் சிறப்புப் பக்கத்துக்கான அறிவிப்பைக் கார்த்திகைத் தொடக்கத்திலேயே வெளியிட வேண்டுகிறேன். மார்கழி முழுவதும் பஜனைக்கோ கோயிலுக்கோ போய்வந்ததும் நோட்டில் ஒரே ஒரு வரி எழுதி வைக்கட்டும். மாதக் கடைசியில் அதிலிருந்து ஒரு நாளை எடுத்து விரித்து எழுதலாம். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு குறுக்கே வருவதால் கடைசித் தேதியைப் பொங்கலுக்குப் பிறகு வையுங்கள். தேர்வாகாத கட்டுரைகளுக்கும் பதில் போகட்டும். ‘தேர்வாகவில்லை’ என்று மட்டும் எழுதாமல், ‘குளத்துப் படியில் வழுக்கியதை எழுதிய இடம் நன்றாக இருந்தது, அதை மட்டும் விரித்து எழுதி அனுப்பு’ என்று அந்தக் கட்டுரையிலிருந்தே ஓர் இடத்தைச் சுட்டி ஓர் அஞ்சலட்டை போட்டால் போதும்.

இப்படிக்கு,
தேவார வகுப்பு ஆசிரியர் ஒருவர்,
திருவையாறு