குமரேசனுக்கு, அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டிலிருந்து

அன்புள்ள குமரேசா,

உன் மூன்று மெசேஜுக்கும் பதில் போடவில்லை, திட்டாதே. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? கல்யாணத்துக்கு வர முடியாது என்று சீனுவிடம் நீயே சொல்லிவிடு. நான் சொன்னால் போனை வைத்துவிடுவான்.

விஷயம் இதுதான். ஆறு வருஷமாக எங்கள் கம்பெனி துப்புரவு பார்த்த ஆபீஸ் கட்டடம் கைவிட்டுப் போய்விட்டது. புதிதாக அந்த வேலையை எடுத்தவன் சொன்ன ரேட்டுக்கு, ஒழுங்காகச் சம்பளமும் வரியும் கட்டி எவனாலும் வேலை பார்க்க முடியாது. அவனிடம் இருப்பவர்களில் பலருக்கு இங்கே வேலை பார்க்க அனுமதிப் பேப்பர் கிடையாது, ஊருக்கே தெரியும்.

"கேஸ் போடுடா" என்று குதிப்பாய். வக்கீலைப் பார்த்தேன். தெரிந்தே அப்படி ஆள் வைப்பது 1986 சட்டப்படி குற்றம்தான். ஆனால் அதில் அரசுதான் நடவடிக்கை எடுக்கலாம், நாம் தகவல் மட்டும் கொடுக்கலாம். நேரே கோர்ட்டுக்குப் போக ரிக்கோ என்றொரு சுற்று வழி. மாஃபியாவை ஒடுக்க 1970-இல் வந்த சட்டம். 1996-இல் குடியேற்றக் குற்றங்களையும் அதில் சேர்த்தார்கள். ஜெயித்தால் நஷ்டத்துக்கு மூன்று மடங்கு. இங்கே கனெக்டிகட்டிலேயே ஒரு துப்புரவு கம்பெனி போட்டிக் கம்பெனிமேல் போட்ட வழக்கை நடத்தலாம் என்று 2001-இல் அப்பீல் கோர்ட் சொன்னது. ஜார்ஜியாவில் மொஹாக் என்ற கார்ப்பெட் கம்பெனியின் தொழிலாளர்கள், தங்கள் கூலி இதனால் இறங்கிவிட்டது என்று போட்ட வழக்கு 2010-இல் 1.8 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. ஆனால் நடுவில், 2006-இல், அன்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் பிடியை இறுக்கிவிட்டது: அவன் குற்றத்தால்தான் நேரடியாக உன் நஷ்டம் என்று நீ காட்ட வேண்டும். "ரேட்டைக் குறைத்ததற்கு அவர் நூறு காரணம் சொல்வார்" என்றார் வக்கீலம்மா.

சரி, தகவலாவது கொடுப்போம் என்று முடிவு செய்தேன். அன்று ராத்திரி சாவியை ஒப்படைக்கப் போனபோது லிஃப்டில் ஒரு அம்மா, அவனிடம் வேலை பார்ப்பவர். ஐம்பது வயதிருக்கும். கையுறை இல்லை. பிளீச் பட்டு விரல் இடுக்கெல்லாம் வெந்து, தோல் உரிந்து கிடந்தது. மூன்று வாரமாகச் சம்பளம் வரவில்லை என்று தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். வண்டியிலிருந்த கையுறைப் பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். அதற்கே கண் கலங்கிவிட்டது அவருக்கு.

நான் போன் போட்டால் முதலில் மாட்டுவது இந்த அம்மாதானே, குமரேசா? இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

அப்புறம் வக்கீலம்மாதான் இன்னொரு வழி சொன்னார். குறைந்தபட்சக் கூலியும் ஓவர்டைமும் பேப்பர் இல்லாதவர்களுக்கும் உண்டு. தொழிலாளர் துறையின் கூலிப் பிரிவில் புகார் கொடுக்கலாம். கொடுத்தவர் பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள், வேலையாளிடம் பேப்பர் கேட்க மாட்டார்கள். அவன் ரேட் நிற்பதே அமுக்கிய கூலிமேல்தான். அங்கே அடிக்க வேண்டும்.

ஆனால் அந்த அம்மாவைக் கேட்காமல் எழுத மாட்டேன். திங்கட்கிழமை போகிறேன். நீ செங்கல் சூளை வழக்குகளில் எத்தனை பேரிடம் பேசியிருக்கிறாய், வேலை போய்விடுமே என்று பயப்படுகிறவர்களிடம் முதல் வார்த்தை என்னவென்று ஆரம்பிப்பாய்? அதை மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுது.

உன்,
பாஸ்கர்