சுண்டுவிரலும் மரத்துப் போகிறதா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். குட்டிக்கு அடுத்த வாரம் உயிரியல் பரீட்சை, நரம்பு மண்டலம். உன் அண்ணன் வழக்கம்போல என் தலையில் கட்டிவிட்டான். எனக்கும் பொழுது போகிறது.

மூளையும் தண்டுவடமும் மைய நரம்பு மண்டலம், மற்றவை புறநரம்பு மண்டலம் என்று கடகடவென ஒப்பிக்கிறாள். மூளையிலிருந்து 12 ஜோடி, தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி நரம்புகள் என்பதெல்லாம் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் தண்டுவடம் எதுவரை இறங்குகிறது என்று கேட்டால் முதுகெலும்பின் கடைசி வரை என்கிறாள். பெரியவர்களுக்கு அது முதல் இடுப்பு முள்ளெலும்புக்குப் பக்கத்திலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே வெறும் நரம்புக் கற்றைதான். அந்த வயதில் நீ இதை நான் கேட்காமலே சொல்லியிருப்பாய்.

கைக்குப் போகும் நரம்புகளுக்கு வந்தபோது நான்தான் பாடத்தைவிட்டு வெளியே போய்விட்டேன். கழுத்து நரம்புகளில் கீழே உள்ள நான்கும் மார்பு நரம்புகளில் முதலாவதும் தோள் பக்கத்தில் ஒன்றோடொன்று பின்னி, மறுபடி பிரிந்து கைக்குள் இறங்குகின்றன. அதில் ஒன்று மீடியன் நரம்பு. மணிக்கட்டில் அதற்கு ஒரு குறுகலான வழி. அடியிலும் பக்கத்திலும் சிறு எலும்புகள், மேலே விறைப்பான ஒரு பட்டை. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களோடு இந்த நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு போக வேண்டும். உள்ளே கொஞ்சம் வீக்கம் வந்தாலும் முதலில் அவதிப்படுவது நரம்புதான். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி மரத்துப் போகும். ராத்திரியில்தான் அதிகம். எழுந்து கையை உதறினால் சற்றுத் தேவலை. சுண்டுவிரல் தப்பித்துவிடும், அதற்கு வேறு நரம்பு. முழங்கையை இடித்துக்கொண்டால் சுரீரென்று ஓடுமே, அதுதான்.

இவ்வளவும் குட்டியின் புத்தகத்தில் கிடையாது என்பது உனக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது வலது கையை உதறினாய். அப்புறம் பேச்சோடு பேச்சாக டம்ளரை இடது கைக்கு மாற்றினாய். கேட்டால் "ஒன்றுமில்லப்பா" என்பாய். போன வருடக் காய்ச்சலும் இறங்கிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. சின்ன வயதிலிருந்தே நீ வலி தாங்குகிறவள், அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் இந்த விஷயத்தில் தாங்கிக்கொள்ளாதே. சூடு பட்டால் தண்டுவடமே கையை இழுத்துவிடும், மூளைக்கு வலி தெரிவது அதற்குப் பிறகுதான். மரத்துப் போவதற்கு அப்படி ஒரு அனிச்சை கிடையாது. நாமாகப் பார்த்தால்தான் உண்டு.

தூங்கும்போது மணிக்கட்டை மடக்கி வைத்துக்கொள்ளாதே. வேலை செய்யும்போதும் மணிக்கட்டு நேராக இருக்கட்டும். நெடுநாள் அழுத்தினால் கட்டைவிரல் அடியில் இருக்கும் சதை மெலிந்துவிடும், பிடிமானம் குறையும். நரம்புக்குள் ஓடும் இழை சிதைந்துவிட்டால் அது மறுபடி வளர்வது நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான், கணக்குப் போட்டுப் பார். ஆரம்பத்திலேயே டாக்டரிடம் போனால் பல பேருக்கு ராத்திரி மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை ஒன்றைக் கட்டிக்கொள்வதே போதுமானதாக இருக்கும். சர்க்கரை, தைராய்டு இரண்டையும் பார்த்துவிடு. டாக்டர் நரம்புக் கடத்தல் சோதனை (நரம்பில் சைகை எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்ப்பது) எடுக்கச் சொன்னால் தள்ளிப்போடாதே. மணிக்கட்டு நேராக இருக்கட்டும், சொல்லிவிட்டேன்.

டாக்டரிடம் "கை மரக்கிறது" என்று பொதுவாகச் சொல்லாதே. எந்தெந்த விரல், எந்த நேரம் என்று சொல். எனக்கு நீளமாக எழுத வேண்டாம். சுண்டுவிரலும் மரத்துப் போகிறதா இல்லையா, அது ஒரு வரி போதும். அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

அன்புடன்,
அப்பா