சேகரத் தொடக்கப்பள்ளி பழைய மாணவர் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, பள்ளித் தாளாளரும், நம் சபைகள் சேர்ந்த வட்டாரமாகிய சேகரத்தின் குருவுமாகிய ஐயா அவர்களே, தலைமையாசிரியை அவர்களே, சங்க உறுப்பினர்களே, பெற்றோர்களே, உங்கள் அனைவருக்கும் என் ஸ்தோத்திரமும் வணக்கமும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சுவருக்கு வெள்ளையடித்தது, தண்ணீர்த் தொட்டியைச் சீர்செய்தது, ஆண்டு விழாப் பரிசுகள் முதலியவை அதில் வருவதால் அவற்றை இங்கே விரிக்கவில்லை. ஆண்டின் தொடக்கத்தில் கூடிய செயற்குழு முதன்மையாக எடுத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: மூன்றாம் வகுப்பை முடிக்கும் பிள்ளை, இதுவரை பார்த்திராத ஒரு பக்கத்தைப் பிறர் உதவியின்றி வாசித்துப் பொருள் சொல்லுமா? நம் பள்ளியின் கல்வித் தரத்தை இதைக்கொண்டே பார்ப்பது என்று அன்று தீர்மானித்தோம். இவ்வறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றியதே.

தலைமையாசிரியையின் அனுமதியோடு மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளைத் தனித்தனியாக வாசிக்கச் சொல்லிக் கேட்டோம். பாடநூலில் உள்ள பாட்டை ஒரு சிறுமி தடங்கலில்லாமல் ராகத்தோடு சொன்னாள். ஆனால் வாய் மூன்றாம் வரியில் இருந்தபோது விரல் ஐந்தாம் வரியில் நின்றது. அதே பாட்டின் சொற்களை இடம் மாற்றிக் கரும்பலகையில் எழுதியதும் எழுத்துக் கூட்டவே திணறினாள். பெரும்பாலான பிள்ளைகள் தடுக்கி விழுந்த இடம் ஒகர, ஓகார வரிசை. எழுத்துக்கு முன்னே கொம்பும் பின்னே துணைக்காலும் நிற்பதால், இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார்த்து வரும் பிள்ளை, துணைக்காலை 'ர' என்று எடுத்துக்கொண்டு 'கொடி'யைக் 'கெரடி' என்று வாசிக்கிறது. கணக்கிலும் இதே நிலைதான். 52-இல் 37-ஐக் கழிக்கச் சொன்னால் 25 என்று எழுதுகிறார்கள். இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால், ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுகிறார்கள். கடன் வாங்கிக் கழித்தலின் படிகள் வாய்ப்பாடமாகத் தெரிந்தும், பத்து என்றால் பத்து ஒன்றுகளின் கட்டு என்பது கைக்கு வரவில்லை.

இதற்குப் பிள்ளைகளையோ ஆசிரியைகளையோ குறை சொல்வது நியாயமாகாது. கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும். முப்பது பேருக்கு ஒருவர் என்ற அந்தக் கணக்கு தாளில் தாராளமாகவே தெரிகிறது. ஆனால் நம்முடையதைப் போன்ற ஈராசிரியர் பள்ளியில் பிள்ளைகள் எத்தனை குறைவாக இருந்தாலும் வகுப்புகள் ஐந்துதான். மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டிருக்கும் ஆசிரியை, 45 நிமிடப் பாடவேளையில் ஒரு வகுப்புக்குத் தரக்கூடியது 15 நிமிடம். தலைமையாசிரியை எமிஸ் என்னும் கல்வித் துறையின் இணையவழித் தகவல் பதிவுக்காகக் கைப்பேசியோடு அமரும் நேரத்தில் அந்தப் பதினைந்தும் குறைகிறது. சிறிய பள்ளிகளுக்கு ஆசிரியர் எண்ணிக்கையைப் பிள்ளைகளின் தலைக்கணக்கை வைத்து முடிவு செய்யாமல் வகுப்புகளின் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்ய வேண்டும் என்பது செயற்குழுவின் உறுதியான கருத்து. இதைத் தாளாளர் வழியாக மேலிடத்துக்கு மனுவாக அனுப்பியுள்ளோம்.

இவ்வாண்டு ஐந்தாம் வகுப்பை முடித்துப் போகும் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இவர்கள் 2020–21-இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள். கொரோனாவால் மூடியிருந்த தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஆகவே 'அ'னா, 'ஆ'வன்னா எழுதிப் பழக வேண்டிய ஒன்றாம் வகுப்பு அறையை இவர்கள் பார்க்கவே இல்லை. அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்பிக்க அரசு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், அரும்பு, மொட்டு, மலர் என்று வகுப்பைக் கடந்து நிலை பிரித்துக் கற்பிப்பது இத்தகைய பிள்ளைகளுக்கு உண்மையிலேயே ஏற்ற முறை. ஆனால் நிலை பிரித்தபின் ஒவ்வொரு குழுவோடும் உட்கார ஓர் ஆள் வேண்டுமே.

அந்த ஆளுக்குத்தான் சங்கம் இவ்வாண்டு பெரும் பணத்தைச் செலவிட்டது. ஆசிரியர் பட்டயப் பயிற்சி முடித்த நம் ஊர்ப் பெண் ஒருவரை மதிப்பூதியத்தில் அமர்த்தினோம். அவர் அடிப்படை நிலையாகிய அரும்பு நிலைப் பிள்ளைகளை மட்டும் காலையில் தனியே அழைத்து, பனை ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, கட்டைப் பிரித்துக் கழிக்கக் கற்றுக்கொடுத்தார். 52 என்பது ஐந்து கட்டும் இரண்டு ஈர்க்கும். ஒரு கட்டைப் பிரித்தால்தான் ஏழு ஈர்க்குகளை எடுக்க முடியும் என்று கண்ட பிள்ளை மறுபடி 25 என்று எழுதவில்லை. மார்ச் மாதம் மீண்டும் வாசிக்கக் கேட்டபோது, முன்பு விரல் தவறிய அந்தச் சிறுமி ஞாயிறு பள்ளித் தாளிலிருந்து ஒரு முழுப் பத்தியை மெதுவாக, ஆனால் தானாகவே வாசித்தாள். இன்னும் வாசிப்புக்கு வராத பிள்ளைகளும் உண்டு. அவர்களில் பலர் பெற்றோரின் செங்கல்சூளை வேலைக்காகப் பருவந்தோறும் ஊர் மாறுகிறவர்கள்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2024 ஜூலை 15 முதல் ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்தது. அதன்பின் நம் பிள்ளைகள் மணியடிக்கும் முன்பே வந்துவிடுகிறார்கள்; காலைப் பாடவேளையில் வயிற்றுவலி என்று படுக்கும் வழக்கமும் குறைந்திருக்கிறது. பீடி சுற்றவும் வயலுக்கும் விடியுமுன் புறப்படும் தாய்மாருக்கு இது பெரிய ஆறுதல். அரசுக்குச் சங்கத்தின் மனமார்ந்த நன்றி.

நகரத்து ஆங்கிலவழிப் பள்ளிக்கு வேனில் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் மேல் சங்கத்துக்கு மனவருத்தம் இல்லை. பிள்ளை நன்றாக வர வேண்டும் என்றுதான் கடன் வாங்கியும் கட்டணம் கட்டுகிறார்கள். அவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: அங்கே படிக்கும் பிள்ளையையும் இங்கே படிக்கும் பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து, தமிழில் ஒரு பக்கத்தையும் ஒரு கழித்தலையும் கொடுத்துப் பாருங்கள். பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மதம், சாதி பாராமல் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் திறந்திருப்பது இந்தப் பள்ளி. திருச்சபை இதை நடத்துவதன் நோக்கமே அதுதான் என்று நான் உளமார நம்புகிறேன்.

வரும் ஆண்டுக்கென இரண்டு தீர்மானங்களை இக்கூட்டத்தின் முன் வைக்கிறேன். மதிப்பூதிய ஆசிரியையின் பணி ஜூன் முதல் தொடர வேண்டும். அதற்காக, சபையார் கூடி உண்ணும் பொது விருந்துத் திருநாளாகிய அசனப் பண்டிகையின் ஏலத் தொகையில் ஒரு பங்கை ஒதுக்குமாறு சேகரக் கமிட்டியைக் கேட்க வேண்டும். நுழைவாயில் வளைவு கட்டும் யோசனையை ஓராண்டு தள்ளிவைத்து, அந்தப் பணத்தில் வாசிப்புப் புத்தகங்கள் வாங்க வேண்டும். ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் மனப்பாட வசனத்தைப் பிள்ளைகளைக்கொண்டே வாசிக்கவைக்க ஏற்கெனவே இசைந்திருக்கிறார்கள், அவர்களுக்கு நன்றி. இவ்வறிக்கையையும் தீர்மானங்களையும் ஏற்றுக்கொள்ளுமாறு கூட்டத்தைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்