அண்ணா சாலைக்கு அடியில் எங்களுக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்புடையீர்,

சென்னை மெட்ரோவின் முதல் ரயில் 2015 ஜூன் 29 அன்று கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூருக்கு மேம்பாலத்தில் ஓடியது. அதே முதற்கட்டத்தின் கடைசித் துண்டான டி.எம்.எஸ். – வண்ணாரப்பேட்டை சுரங்கத் தடம் திறக்க 2019 பிப்ரவரி 10 ஆகிவிட்டது. மொத்தம் 45 கிலோமீட்டர், அதில் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் தரைக்குக் கீழே. தாமதத்துக்குக் காரணங்கள் பல. சுரங்கம் தோண்டுகிறவர்கள் என்ற முறையில் எங்களுக்கு நன்றாகத் தெரிந்த காரணம் மண்தான். அந்த மண்ணோடு மல்லுக்கட்ட உதவியவர்களுக்கே இந்த மடல்.

சென்னைக்கு அடியில் கிடப்பது சார்னோக்கைட் என்னும் கடும்பாறை. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக்கு வைத்த கல்லும் இதே இனம், பரங்கிமலைப் பக்கத்துக் கல். அந்தக் கல்லறையை வைத்துத்தான் பாறைக்கே பெயர் வந்தது. முழுக்கப் பாறையாக இருந்தால் சமாளிக்கலாம், முழுக்க மணலாக இருந்தாலும் சமாளிக்கலாம். கீழ்ப்பாதி பாறை, மேல்பாதி மணல் என்று வரும்போதுதான் தலைவலி. சுரங்கம் தோண்டும் எந்திரத்தின் முன்தட்டான வெட்டுமுகம் சுழலும்போது ஒவ்வொரு வெட்டுச் சக்கரமும் மணலிலிருந்து பாறைக்குள் நுழையும் இடத்தில் அடி வாங்கி விளிம்பு உடைகிறது. பாறை மெதுவாகத்தான் அரைபடும், மேலே உள்ள மணலோ அதுவரை காத்திருக்காமல் சரிந்து உள்ளே வந்துகொண்டே இருக்கும். எந்திரம் ஒரு சாண் நகர்வதற்குள் மூன்று சாணுக்கான மண் வெளியேறினால் மேலே பொந்து விழும். சாலை இறங்குவது அதற்குப் பிறகுதான்.

அதனால்தான் மண் வண்டிகளை எண்ணியவர்களுக்கு முதல் நன்றி. 6.6 மீட்டர் விட்டமுள்ள வெட்டுமுகம் 1.4 மீட்டர் முன்னேறினால் கணக்குப்படி சுமார் 48 கன மீட்டர் மண் வர வேண்டும். கிளறிய மண் உப்பும் என்பதால் வண்டியில் அது இன்னும் கூடுதலாகத் தெரியும். அந்த உப்பலைக் கழித்துப் பார்த்து, "ஒரு வண்டி கூட வருது, நிறுத்துங்க" என்று நள்ளிரவில் சொல்லத் தைரியம் வேண்டும். உற்பத்திக் கணக்கு கேட்பவர்களுக்கு அந்தப் பேச்சு பிடிக்காது.

அடுத்து, தங்கள் வீட்டுப் பழைய போர் (ஆழ்துளைக் கிணறு) எங்கே இருக்கிறது என்று காட்டிய வீட்டுக்காரர்கள், கடைக்காரர்கள். எந்த வரைபடத்திலும் இல்லாத போர்கள் இந்த ஊரில் ஏராளம். தண்ணீர் வற்றியதும் மேலே ஒரு கல்லை வைத்து மூடி, அதன்மேல் தளமும் போட்டுவிடுகிறோம். எந்திரத்தின் முகப்பில் மண்ணும் நீரும் சரியாமல் இருக்க எதிரழுத்தம் கொடுத்து வைத்திருப்போம். நீர்மட்டத்துக்குக் கீழே ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ 1 பார் (கிட்டத்தட்ட காற்று மண்டல அழுத்தத்தின் அளவு) நீரழுத்தம் இருக்கும். திறந்து கிடக்கும் போர் ஒன்று குறுக்கே வந்தால் அந்த அழுத்தம் அதன் வழியே மேலே போய்விடும். மண்ணை இளக்க முகப்பில் செலுத்தும் சோப்பு நுரை யாரோ ஒருவர் வீட்டு முற்றத்தில் பொங்கும், இங்கே முகப்பில் மணல் சரியும். போதாததற்கு இரும்புக் குழாயும் உள்ளே இருந்தால் அது மண் வெளியேற்றும் திருகில் சுற்றிக்கொள்ளும். முன்கூட்டியே தெரிந்தால் சிமென்ட் பால் ஊற்றி அடைப்பது ஒரு நாள் வேலை. நுரை வந்தவுடன் கோபப்பட்டாலும் உடனே தளத்துக்கு ஓடிவந்து சொன்னவர்களுக்கும் சேர்த்தே நன்றி.

தேய்ந்த சக்கரத்தை மாற்ற வெட்டுமுகத்துக்குப் பின்னுள்ள அறைக்குள் போனவர்களை மறக்க முடியாது. முகப்பில் பென்டோனைட் என்னும் களிமண் சேற்றைப் பூசி, அழுத்தக் காற்றால் மண்ணைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, அந்த இடுக்கில் நின்று நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள சக்கரத்தைச் சங்கிலியில் தூக்கி மாற்றுவார்கள். வேலை முடிந்ததும் உடனே வெளியே வரக் கூடாது. காற்றறையில் உட்கார்ந்து அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அவசரப்பட்டால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழி கட்டி மூட்டுக்கு மூட்டு வலி பிடுங்கும், உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். கடிகாரத்தைப் பார்த்தபடி கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த மருத்துவர்களுக்கும் எங்கள் கும்பிடு.

சுரங்கச் சுவரான கான்கிரீட் வளையத்தை, அதாவது ரிங்கை, கட்டிய ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், வங்காளத் தோழர்களுக்கு: ரிங்கின் துண்டான செக்மென்ட்டைப் பொருத்துமுன் அதன் ரப்பர் விளிம்பை ஈரத்துணியால் ஒரு முறை துடைத்தீர்களே, அந்த ஒரு துடைப்புக்காகவே நன்றி. ஒரு சிட்டிகை மணல் அங்கே தங்கினால் ரப்பர் சரியாக உட்காராது, பிறகு அந்த மூட்டில் ஆண்டுக்கணக்கில் நீர் கசியும். ரிங்குக்கும் மண்ணுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை நிரப்பும் கலவைக் குழாய்களைக் கழுவியவர்களும் அப்படியே. சிமென்ட் கலவை ஒரு குழாயில், சோடியம் சிலிக்கேட் இன்னொன்றில் வரும். இரண்டும் முனையில் சேர்ந்த சில நொடிகளில் கூழாக இறுகிவிடும். கழுவாமல் விட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். அடைப்போடு எந்திரத்தை ஓட்டினால் நிரம்பாத இடைவெளியில் மேலுள்ள மண் இறங்கும்.

2017 ஏப்ரல் 9 அன்று அண்ணா சாலை உள்வாங்கி ஒரு பேருந்தும் காரும் சிக்கியதை ஊரே பார்த்தது. உயிர்ச்சேதம் இல்லை. அதே சாலையில் தரை இறங்குகிறதா என்று காட்டும் அளவைக் குறிகளை மில்லிமீட்டர் கணக்கில் இரவுபகலாகப் படித்தவர்களை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சுவர் விரிசல்மேல் ஒட்டிய அளவுகோலைப் பிய்த்துப் போடாமல் விட்டுவைத்த கட்டட உரிமையாளர்களையும் இங்கே சொல்ல வேண்டும். குடிநீர் வாரியத்தின் வால்வு எங்கே புதைந்திருக்கிறது என்று காலால் தட்டிக் காட்டிய பணியாளர்கள், தடுப்புகளுக்கு நடுவே வண்டிகளைத் திருப்பிவிட்ட போக்குவரத்துக் காவலர்கள், வியாபாரம் படுத்தும் பொறுத்துக்கொண்ட அண்ணா சாலைக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் நாங்கள் கடன்பட்டவர்கள்.

இரண்டாம் கட்டத்தின் 118.9 கிலோமீட்டரில் மயிலாப்பூரும் ஆழ்வார்பேட்டையும் அடையாறும் வருகின்றன, அங்கே வீட்டுக்கு வீடு கிணறு. மூடிய கிணறோ போரோ உங்கள் வளாகத்தில் இருந்தால் வாசலிலிருந்து எத்தனை அடி, எவ்வளவு ஆழம், உள்ளே இரும்புக் குழாயா பிளாஸ்டிக்கா என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி அருகிலுள்ள தள அலுவலகத்தில் கொடுங்கள். ஆழம் சரியாக நினைவில்லாவிட்டால் போர் போட்ட ஆண்டைச் சொன்னாலும் போதும், மீதியை நாங்கள் தேடிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சுரங்கப் பணிப் பொறியாளர்கள் சிலர்