கீழே சரிந்த பத்தியைத் தூக்கி நிறுத்தியவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

எங்கள் சுங்குடிச் சேலைக் கடையின் இணையப் பக்கம் இப்போது எந்தத் திரையில் திறந்தாலும் வரிசை பிசகாமல் நிற்கிறது. உதவியவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் திருநகர்த் தம்பிக்கு. வரிசைக்கு மூன்று சேலை என்று, பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரித்துப் போட்டிருந்தோம். மூன்றாவது மட்டும் கீழே சரிந்துவிடும். அகலத்தை 33.33 சதவீதத்திலிருந்து 30 ஆக்கினால் போதும் என்றார் பக்கத்தைச் செய்து கொடுத்தவர். கடைக் கணினியில் சரியானது, டேப்லெட்டில் மறுபடி சரிந்தது. தம்பிதான் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். 800 பிக்ஸல் திரையில் 30 சதவீதம் என்றால் 240. பேடிங் (உள்ளே விடும் வெற்றிடம்) இரு பக்கமும் 15, பார்டர் (ஓரக் கோடு) இரு பக்கமும் 1; இந்த 32 அதற்கு மேல் சேரும். ஆக 272, மும்மடங்கு 816. எப்படி இடம் கொள்ளும்? திரை சிறுத்தால் சதவீதம் சுருங்கும், பேடிங் சுருங்காது. பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் குறிப்பில் ‘பாக்ஸ்-சைஸிங்: பார்டர்-பாக்ஸ்’ என்று ஒரு வரி சேர்த்தார், பேடிங்கும் பார்டரும் அகலத்துக்குள்ளேயே அடங்கிவிட்டன. தையலுக்கு விடும் துணியையும் சேர்த்து அளக்கிற மாதிரிதான் இது. பழையபடி 33.33க்கே திரும்பினோம்.

அடுத்து, கல்லூரியில் கணினிப் பாடம் எடுக்கும் அக்காவுக்கு. படங்களை ‘ஃப்ளோட்’ முறையில், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக இடதுபுறம் ஒதுங்கும்படி வைத்திருந்தோம். அவற்றின் உயரம் ஒன்றுபோல இல்லாததால், அடுத்த வரிசைச் சேலை மேலே உள்ள உயரமான படத்தின் ஓரத்தில் மாட்டிக்கொண்டு இடது ஓரத்துக்குப் போகாமல் நின்றது. “2017லேயே குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி எல்லாத்துலயும் கிரிட் வந்துருச்சு. இன்னும் ஃப்ளோட்டைக் கட்டிக்கிட்டு அழுவுறீங்களே தம்பி” என்று என்னைச் செல்லமாகத் திட்டிவிட்டு, எல்லாவற்றையும் கிரிட்டுக்கு, அதாவது பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் முறைக்கு, மாற்றிக் கொடுத்தார். அப்புறம் 33.33 கணக்கே தேவைப்படவில்லை.

உசிலம்பட்டியிலிருந்து கொள்முதலுக்கு வரும் அண்ணனுக்குக் கணினியே தெரியாது. ஆனால் டீ வரும் வரைக்கும் தன் சின்னப் போனில் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, “ஒண்ணு மட்டும் ஏன்ப்பா பெருத்துக் கிடக்கு?” என்று கேட்டவர் அவர்தான். ‘இயற்கைச்சாயமேற்றப்பட்ட’ என்று நாங்கள் இடைவெளி விடாமல் எழுதியிருந்த நீளச் சொல் உடையாமல் அந்தப் பத்தியை அகலமாகத் தள்ளியிருக்கிறது. பத்தியின் அகலம் ‘1எஃப்ஆர்’ (இருக்கும் இடத்தில் ஒரு பங்கு) என்றிருந்ததை, சொல் நீளமானாலும் பத்தி பெருக்காதபடி ‘மின்மேக்ஸ்(0, 1எஃப்ஆர்)’ ஆக்கி, நீளச் சொல் எங்கு வேண்டுமானாலும் உடைய ‘ஓவர்ஃப்ளோ-ராப்: எனிவேர்’ சேர்த்தார் அக்கா. தமிழில் பக்கம் செய்கிறவர்கள் இதை முதல் நாளே போட்டுவிடுவது நல்லது.

தம்பி காசு வாங்க மறுத்துவிட்டார். அவர் அம்மாவுக்கு அரக்கு நிறத்தில் ஒரு சேலை எடுத்து வைத்திருக்கிறேன். விளக்குத்தூண் பக்கம் வரும்போது வாங்கிக்கொள்ளவும்.

அன்புடன்,
சேலைக் கடைக்காரன், மதுரை