ஒரு செடிக்கு ஒரு பிளேடு: ஈசூன் ஐயாவுக்கு நன்றி

போன சனிக்கிழமை சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக் காரிடாரில் நான் ஆர்க்கிட் வெட்டிக்கொண்டிருந்தபோது நின்ற ஐயா, இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

அத்தை பதினோரு வருஷமாக வளர்க்கும் தொட்டிகள். இலைகளில் கறுப்புக் குழிகள். வெயில் சூடு என்று நினைத்து, ஒரே கத்தரிக்கோலால் ஒவ்வொரு தொட்டியாக நறுக்கிக்கொண்டே போனேன். "தம்பி, நிறுத்துங்க" என்றீர்கள். சத்தமே போடவில்லை, ஆனாலும் என் கை நின்றுவிட்டது.

இலையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிக் காட்டினீர்கள். ஆர்க்கிட்களைத் தாக்கும் சிம்பிடியம் மொசைக் வைரஸாக இருக்கலாம், டெஸ்ட் பண்ணாமல் சத்தியம் செய்ய முடியாது, வந்த செடிக்கு மருந்தும் கிடையாது என்றீர்கள். வாழையில் முடிக்கொத்து என்ற வைரஸ் நோயை அசுவினி என்ற சின்னப் பூச்சி செடிக்குச் செடி சுமக்கிறது. இங்கே அந்த அசுவினி நான்தான், கையில் கத்தரிக்கோலோடு! வாழை, பப்பாளி வைரஸ்களோடு முப்பது வருஷம் வேலை பார்த்தேன் என்று போகிறபோக்கில்தான் சொன்னீர்கள்.

கேட்காமலே மறுநாள் காலை வந்தீர்கள். பழைய பிஸ்கட் டப்பாவில் சவர பிளேடுகள், ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றி, மேலே பென்சிலில் தொட்டி எண். சந்தேகமான நான்கு தொட்டிகளை நீங்களே தூக்கிப் படிக்கட்டுப் பக்கம் தள்ளி வைத்தீர்கள். அத்தை கொடுத்த காப்பியைக்கூட நின்றபடியேதான் குடித்தீர்கள்.

பெயர் கேட்க மறந்துவிட்டேன். மகள் வீட்டுக்கு வந்திருப்பதாகச் சொன்ன ஞாபகம். ஊருக்குக் கிளம்புவதற்குள் இதைப் பார்த்தால் ஒரு நடை வாருங்கள் ஐயா. ஏழாம் எண் தொட்டியில் மொட்டு வந்திருக்கிறது. டப்பாவும் இங்கேயே இருக்கிறது.