பூக்காத பயித்தங்கொடி

கோப்பாய், யாழ்ப்பாணம்,
ஆடி மாதம்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களை அம்மாவும் நானும் பார்த்தோம். கனடாவில், ஸ்காபரோவில் உன் வேலியை மூடி, நீளக் காய் காய்க்கும் பயித்தங்கொடி படர்ந்திருக்கிறது, ஆனால் ஒரு பூவும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கரும்பச்சை இலைகளைக் கண்டதும் அம்மாவிடம் சொன்னேன்: "பசளை போட்டுப் போட்டுக் கொழுக்க வைத்திருக்கிறாள்."

பயற்றினத்துக்கு நைதரசன் பசளை அதிகம் வேண்டாம், பிள்ளை. வேரில் சிறு முடிச்சுகள் இருக்கும். அவற்றில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துக் கொடுத்துவிடும். மேலே நீயும் கொட்டினால் கொடி இலையாகவே போகும். இனித் தண்ணீர் மட்டும் ஊற்று.

இன்னொரு காரணமும் உண்டு, அதற்கு நீ பொறுப்பில்லை. பயித்தையில் சில இனங்கள் பகல் நீண்டிருக்கும்வரை பூக்காது. இங்கே மிக நீண்ட பகல்கூடப் பன்னிரண்டே முக்கால் மணி நேரத்தைத் தாண்டாது. உங்கள் ஊரில் ஜூன் கடைசியில் 15 மணி நேரத்துக்கு மேல். கடையில் வாங்கிய பொட்டலத்தில் இனத்தின் பெயரே இல்லை என்கிறாய். அப்படிப்பட்ட விதையென்றால் ஆகஸ்டில் பகல் குறையும்போது பூக்கும். கோபத்தில் பிடுங்கி எறிந்துவிடாதே. உன் குணம் எனக்குத் தெரியும்.

பூ காலையில் விரிந்து மத்தியானத்துக்குள் சுருங்கும். அது வாட்டமில்லை. எறும்பைக் கண்டதும் மருந்துக்கு ஓடாதே, காம்பில் சுரக்கும் தேனுக்கும் அது வரும். குருத்தில் கறுப்பாக, சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அழுக்கணவன் அப்பியிருந்தால்தான் கவலை. குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிடு, பூச்சிமருந்து வேண்டாம்.

காய் வந்தபின் அதை ஆய்ந்து பறிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பூத்து இரண்டு வாரத்துக்குள், பென்சில் தடிப்பில், உள்ளே பயறு புடைக்குமுன் ஆய்ந்துவிடு. ஒரு முழம் வளர்ந்தது என்று படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புவதற்காக விட்டுவைத்தால் காய் பஞ்சாகும். அதைவிட மோசம், விதை முற்றத் தொடங்கியதும் கொடி புதிதாகப் பூப்பதைக் குறைத்துவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டாயம் பார். சோடியாகத் தொங்கும் காய்களை வெடுக்கென்று இழுக்காமல் நகத்தால் கிள்ளி எடு. அதே காம்பின் நுனியில் அடுத்த மொட்டுகள் இருக்கும், அவை முறிந்தால் நட்டம் உனக்குத்தான்.

விதைக்கு முதலில் காய்ப்பவற்றில் இரண்டு மூன்றை நூல் கட்டி அடையாளம் வைத்துக் காயவிடு. கடைசிக் காய்களை நம்பினால், அவை காயுமுன் உங்கள் ஊரில் உறைபனி விழுந்துவிடும். அடுத்த வருடம் மே கடைசிக்கு முன் ஊன்றவேண்டாம், குளிர்ந்த மண்ணில் விதை அழுகும்.

முதல் ஆய்தலைப் பால்கறி வைக்கச் சொல்கிறாள் அம்மா. நான் சொல்வது ஒடியல் கூழுக்கு. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல்மா இங்கிருந்து அனுப்பலாம். மீனுக்கும் நண்டுக்கும் அங்கே என்ன வழி என்று எழுது.

அன்புடன்,
அப்பா